தூங்காத ஊசி

கண்காட்சிக்குப் பெயர் கேட்டு வந்த பெண்ணிடம் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன். சவேரியம்மா. எழுதிக்கொண்டாள். "எந்த ஊர் சார்?" அரியாங்குப்பம். "என்னா கண்டுபிடிச்சாங்க?" அதையும் சொன்னேன். "இதுக்குப் பேப்பர் ஏதாச்சும் இருக்குதா சார்? பேட்டன்ட், சர்டிபிகேட், ஒரு போட்டோ?" என்றாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் பொதுப்பணித் துறையில் வரைவாளர். நான் செய்த அதே வேலை. என் காலத்தில் வரைபலகை முன்னால் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை. பெண்கள் கண்டுபிடித்த பொருள்களைப் பற்றி ஏதோ கண்காட்சி வைக்கிறார்களாம். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். காரின் முன்கண்ணாடியில் மழையைத் துடைக்கும் கோல் ஒரு பெண்ணின் யோசனையாம். பாத்திரம் கழுவும் மெஷினும் அப்படித்தானாம். எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். நம் ஊரில் யாராவது உண்டா என்று கேட்கத்தான் பழைய ஆட்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

நீ கேட்டுவிட்டுப் போன பேப்பர் இருந்தது, அம்மா. அதை என் கையால் வரைந்தேன். அதில் சவேரியம்மாவின் பெயர் இல்லை. அதற்கு முன்னால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் அதே வேலையில் செய்தேன். இரண்டையும் உன்னிடம் நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா மில்லில் பஞ்சு மூட்டை பிரிக்கிறவர். உப்பளத்தில் ஒரே அறை வீடு. பாதிரிச் சாமியார்கள் நடத்திய தொழில் பள்ளியில் என்னைச் சேர்த்தார். ஆறு மாதம் பென்சில் சீவினேன், ஒரு வருஷம் எழுத்துப் பழகினேன், இன்னொரு வருஷம் திருகாணியும் பல் சக்கரமும் வரைந்தேன். முப்பதுகளின் நடுவில், பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை ஆண்ட காலத்தில், பத்தொன்பது வயதில், அதே மில்லின் வரைபட அறையில் உட்கார இடம் கிடைத்தது. மில்லின் பெயரை எழுதப்போவதில்லை. நம் ஊர் மில்தான்.

வரைபட அறைக்குத் தலைவர் முசியே அந்துவான். தமிழர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், எங்களையும் கழுவச் சொல்வார். டிரேசிங் துணியில் வியர்வை பட்டால் மை பிடிக்காது. துணியை விரித்துச் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தேய்த்து, பறவை இறகால் தட்டிவிட்ட பிறகுதான் பேனாவைத் தொடலாம். முதலில் வளைவுகள், பிறகு நேர்க்கோடுகள். காம்பஸ் போட்ட வளைவோடு நேர்க்கோட்டைச் சேர்க்கலாம், நேர்க்கோட்டோடு வளைவைச் சேர்த்தால் தடுக்கும் என்பார். அது உண்மை. இன்றைக்கும் உண்மை.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. முடிந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கோடாகச் சுண்டுவிரல் நகத்தால் தொட்டுக்கொண்டு போவார். நகம் ஒரு கோட்டில் நிற்கும். "இது ஏன்?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அந்த அளவு, ஏன் அந்தக் கனம் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால், "ரெகோமான்சே" என்று துணியைத் திருப்பித் தருவார். மறுபடி முதலிலிருந்து. ஒரு கப்பியின் படத்தை நான் ஏழு முறை வரைந்தேன். ஏழாவது முறை "பொன்" என்றார். நல்லது என்று அர்த்தம். அன்று சம்பள உயர்வு கிடைத்தவனைப் போல வீட்டுக்கு நடந்து போனேன்.

அந்த அறையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு கோடு ஸ்கேலுக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காம்பஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பதில் சொல்லாத கோடு கைநடுக்கம். கைநடுக்கத்தைப் படத்தில் விடக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிணற்றில் விழுந்தேன்.

மில்லில் ரீலிங் பிரிவு முழுக்கப் பெண்கள். ரீலிங் மெஷின் நீளமானது. கீழே வரிசையாக நூல் சுற்றிய நாற்பது பாபின், மேலே சுற்றும் சட்டம். நாற்பது பாபினிலிருந்தும் நூல் ஏறி, சட்டத்தில் நாற்பது சிட்டமாக, அதாவது நூற்கட்டாக, சுற்றிக்கொள்ளும். ஒரு நூல் அறுந்தால் மற்ற முப்பத்தொன்பதும் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்ததை உடனே பார்த்து முடிச்சுப் போடாவிட்டால் அந்த ஒரு சிட்டம் குறைச்சலாகப் போகும். நூலோ தலைமுடியை விட மெல்லிசு. ஒரு பெண் பத்து மணி நேரம் நாற்பது நூலையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை, ரீலிங் பெண்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரி கோவிந்தசாமி ஒரு தையல் ஊசியும் நூலும் கொடுப்பார். அவர் பத்து எண்ணுவதற்குள் கோர்க்க வேண்டும். கோர்த்தவள் உள்ளே, கோர்க்காதவள் வீட்டுக்கு. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து யாரைத்தான் விட்டது? கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். இருபது வருஷம் முடிச்சுப் போட்டுத் தேர்ந்த கை, ஒரு ஊசிக் காதில் தடுமாறினால் அன்றோடு சரி.

"ஊருக்கெல்லாம் புதன்கிழம சாம்பல் பூசுவாங்க, எங்களுக்கு சனிக்கிழமயே பூசிடுவாங்க" என்று சவேரியம்மா சொல்வார்.

அவரை நான் முதலில் பார்த்தது மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தபோது. ஒரு பேரிங் தேய்ந்துபோய், அதை அளவெடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். மல்லாந்து படுத்து அளந்துகொண்டிருக்கையில் காதுக்குப் பக்கத்தில் ஏதோ தகரத்தில் விழுந்தது. பார்த்தால் கொண்டை ஊசி. அடுத்த நொடி ஒரு கை நேராக அந்த இடத்துக்கு வந்து, அறுந்த நூலைப் பிடித்து, முடிந்து, கொண்டை ஊசியை எடுத்து மறுபடி நூலின் மேல் மாட்டிவிட்டுப் போனது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அடுத்த மெஷின் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. மெஷினின் நீளத்துக்கும் மரச் சீப்புகளை வரிசையாக ஆணி அடித்திருந்தார். ஒவ்வொரு நூலின் மேலும் ஒரு கொண்டை ஊசி, குதிரை மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி. ஊசியின் இரண்டு காலும் சீப்புப் பல்லின் இடைவெளியில் தொங்கும். நூல் ஓடும்வரை ஊசி அதன் மேல் இருக்கும். நூல் அறுந்தால் ஊசி கீழே விழும். கீழே பிஸ்கட் டப்பாவை வெட்டித் தட்டிய நீளத் தகரம். அந்தத் தகரத்தில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"இந்த இரைச்சல்ல ஊசி விழறது எப்பிடிக்கா கேக்குது?"

"யாரு கேட்டா? இடுப்புல தட்டுது பாரு. எந்தப் பக்கத்துல இருந்து தட்டுதுன்னு ஒடம்புக்குத் தெரியாதா?" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீ பிளான் போடற எடத்துப் புள்ளதான? மேஸ்திரிகிட்ட சொல்லிடாதப்பா. எனக்கு எடது கண்ணுல பூ விழுந்துட்டுது. வலது கண்ணு கிட்டக்க தெரியல. போன வருசம் ஊசிய நாக்கால தடவிப் பாத்துக் கோத்துட்டேன். இந்த வருசம் அவன் கைய மேல தூக்கிக் கோக்கணும்னு சொல்லியிருக்கான். எனக்கு ஒரு பொண்ணு, அப்பன் இல்லாத பொண்ணு. இந்த மெஷின உட்டா வேற போக்கு இல்ல."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நான்கு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது சத்தியம். எனக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. பிரிவின் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஒரு மெஷினில் எட்டு மாதமாகக் குறைச்சல் சிட்டம் ஒன்றுகூட இல்லை. நல்ல கண் உள்ள பெண்களுக்கே வாரத்துக்கு ஐந்தாறு வரும். சீப்பு, கொண்டை ஊசி, பிஸ்கட் டப்பா! சீமையிலிருந்து கப்பலில் வந்த மெஷினுக்கு இல்லாத ஒன்றை, தலைவாரும் சாமான்களை வைத்து ஒரு பெண் கொடுத்துவிட்டார். மெஷினுக்கு நூல் அறுந்தது தெரிகிறது. இதை வாயில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பேன்? முசியே அந்துவானிடம் கொட்டிவிட்டேன். கண் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் பெரிய துரையிடம் சொன்னார். பெரிய துரை, அதாவது மில்லின் டைரக்டர், பிரெஞ்சுக்காரர், பிரம்போடு ரீலிங்குக்கு வந்தார். பின்னாலேயே மேஸ்திரி. சீப்பைப் பார்த்ததும் மேஸ்திரி, "இதென்னா ரீலிங்கா, சிங்காரிக்கிற எடமா?" என்று சிரித்தார். துரை சிரிக்கவில்லை. பேனாக்கத்தியை எடுத்து ஒரு நூலை வெட்டினார். ஊசி விழுந்தது. இன்னொன்றை வெட்டினார். விழுந்தது. பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். முசியே அந்துவான் எங்களுக்குச் சொன்னார்.

"தறியில இந்த மாதிரி விழற கம்பி அவங்க நாட்டுல இருக்குதாம். ஆனா ரீலிங்ல, இந்தப் பஞ்சுத் தூசியிலயும் கடல் காத்து ஈரத்துலயும் ரெண்டு நாளு கூட நிக்காதாம். இது எட்டு மாசம் நின்னிருக்குது. அதான் புதுசுங்கிறார். பிளான் போடணும். பேட்டன்ட் வாங்க பாரீசுக்கு அனுப்பப் போறார்."

அந்த நிமிஷம் சவேரியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் கீழே குனிந்துகொண்டேன்.

படம் போடும் வேலை எனக்கே வந்தது. மாதிரிக்கு ஒரு கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தார்கள். பலகையில் வைத்து அளந்தேன். ஊசியின் ஒரு கால் நேராக இருந்தது. மற்றொரு காலில் மூன்று வளைவு, ஒன்றைவிட ஒன்று சின்னதாக, ஒழுங்கில்லாமல். காம்பஸ் வைத்துப் பார்த்தேன். மையம் பிடிபடவில்லை. ஸ்கேலுக்கும் பதில் சொல்லவில்லை, காம்பஸுக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கொண்டையில் பல வருஷம் கிடந்து நெளிந்த ஊசி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கில்லை. சவேரியம்மாவிடம் போய்க் கேட்கத் தோன்றவே இல்லை. கேட்கும் தைரியமும் இல்லை, சத்தியத்தை மீறியவன்தானே. இரண்டு காலையும் ஸ்கேல் வைத்து நேராக வரைந்தேன். பார்க்க அழகாக இருந்தது.

முசியே அந்துவான் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். சீப்புப் பல்லில் நகம் நின்றது. இது ஏன்? சொன்னேன். தகரத்தின் சரிவில் நின்றது. இது ஏன்? சொன்னேன். ஊசியின் கால்களின் மேல் நகம் நிற்காமல் போய்விட்டது. "பொன்" என்றார்.

பட்டறையில் பித்தளைக் கம்பியில் ஊசிகள் செய்தார்கள். மூன்று மெஷினில் மாட்டினார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சவேரியம்மாவின் மெஷினிலிருந்த பழைய ஊசிகளையும் எடுத்துவிட்டார்கள். முதல் நாள் அருமையாக வேலை செய்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் ஒன்றிரண்டு ஊசி விழவில்லை. ஆறாம் நாள் மூன்று மெஷினிலும் ஊசிகளைச் சுற்றிப் பஞ்சு மிட்டாய் மாதிரித் தூசி அப்பிக்கொண்டிருந்தது. ஈரத்தில் சீப்போடு ஒட்டிக்கொண்டு, நூல் அறுந்தாலும் ஆணி அடித்தது போல நின்றன. ஊசி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கண்ணை எடுத்த பெண்களின் சிட்டமெல்லாம் குறைச்சல்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மேஸ்திரி விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். அவர் துருவித் துருவி விசாரித்து, சவேரியம்மாவின் கண் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பார்வை போனதை மறைக்கத்தான் இந்தத் தகரக் கூத்து, எட்டு மாதக் கணக்கும் பித்தலாட்டமாகத்தான் இருக்கும் என்று துரையிடம் ஓதினார். ஊசி கோர்க்கும் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று முதலில் நிற்க வேண்டியவள் சவேரியம்மா என்று முடிவாகிவிட்டது. கோர்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை அரியாங்குப்பத்துப் பாலத்தில் போய் நின்றேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் கூட்டமாக நடந்து வருவார்கள். என்னைப் பார்த்ததும் மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவர் நின்றார். நான் மன்னிப்புக் கேட்கும் முன்னே அவரே ஆரம்பித்தார்.

"நீ போட்டது என் ஊசியே இல்ல."

"அக்கா?"

"மொத நாளே பித்தள ஊசியத் தடவிப் பாத்தேன். வளைவு இல்ல. மாட்ட வந்த பிட்டர்கிட்ட சொன்னேன், இது நிக்காதுப்பான்னு. 'பிளான்ல இப்பிடித்தான் இருக்குது, உனக்குத் தெரியுமா பிளான் போட்டவனுக்குத் தெரியுமா'ன்னான். மேஸ்திரிகிட்ட சொன்னேன். போய் வேலையப் பாருன்னான். உங்கிட்ட வரலாம்னா, நீதான் என் தலையில மண்ண அள்ளிப் போட்டவன் ஆச்சே!"

அவர் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். மெஷினிலிருந்து கழற்றிய ஊசிகள் எல்லாம் அவர் கூந்தலில்தான் இருந்தன. வளைந்த காலை என் விரலில் வைத்துத் தேய்த்தார்.

"நேரா இருந்தா தூங்கிடும் தம்பி. தூங்கினா தூசி உக்காரும். இப்பிடி வளைச்சா நூலு ஓடறப்ப பல்லுல பட்டுப் பட்டு ஆடிக்கிட்டே இருக்கும். தூசி நிக்காது. ஒரே அளவா வளைச்சுப் பாத்தேன், அதுவும் கொஞ்ச நேரத்துல தூங்கிடுது. பெரிசு, நடு, சின்னதுன்னு வளைச்சப்பறந்தான் தூங்கல. இதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

இரண்டு வருஷம்! விழும் கம்பி உலகத்தில் முன்பே இருந்தது, துரையே சொன்னார். இல்லாதது அந்த மூன்று வளைவு. பார்வை மங்கிய ஒரு பெண் இரண்டு வருஷம் கொண்டை ஊசியை வளைத்து வளைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த அந்த ஒன்றைத்தான், கைநடுக்கம் என்று நான் ஸ்கேல் வைத்து அழித்திருந்தேன். மிச்சத்தையெல்லாம் அச்சுப் பிசகாமல் வரைந்திருந்தேன்.

அந்த ஊசியை வாங்கிக்கொண்டு ஓடினேன். அன்று முழுக்க ஒரு மெஷினில் அதை மாட்டிவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சும்மா பார்த்தால் அசையாமல் இருப்பது போலத்தான் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு தூசி வந்து உட்கார்ந்தது, உதறியது. இன்னொன்று வந்தது, உதறியது. சாப்பாட்டு மணி அடித்தது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முசியே அந்துவானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் விஷயம், சத்தியம், ஸ்கேல், எல்லாம். முகத்தில் மாறுதல் இல்லை. பழைய படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்தார். நகத்தை அந்த நேரான காலின் மேல் வைத்தார்.

"இது ஏன்னு நான் கேக்கல. நேர்க்கோடுன்னா காரணம் கேக்க எனக்கே தோணல பாரு."

பிறகு எனக்கு ஆச்சரியமான ஒரு காரியம் செய்தார். என் பலகை முன்னால் அவரே உட்கார்ந்து, கை கழுவி, தூள் தேய்த்து, அந்த ஊசியைப் பத்து மடங்கு பெரிதாக வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் மையம் தேடினார். முதல் இரண்டுக்கும் கிடைத்தது. மூன்றாவதுக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை தேடினார். கடைசியில் காம்பஸைக் கீழே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் கையால் அந்த வளைவை மையில் இழுத்தார். அந்த அறையில் அப்படி ஒரு கோடு அதற்கு முன்பும் நான் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"இது ஏன் முசியே?" என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இருந்ததா தெரியாது.

"அந்தம்மா கை அப்பிடிப் போயிருக்குது. அதான்."

ஒரே மெஷினில் இருபது நேர் ஊசியும் இருபது வளைந்த ஊசியும் மாட்டி வைக்கலாம் என்று அவர்தான் துரையிடம் பேசி அனுமதி வாங்கினார். வளைந்த ஊசிகளைப் பட்டறையில் செய்தார்கள். சவேரியம்மா ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்து, நான்கைத் திருப்பிக் கொடுத்தார். அளந்து பார்த்தால் நான்கிலும் மூன்றாவது வளைவு பிசகியிருந்தது. பன்னிரண்டு நாள் யாரும் அந்த மெஷினைத் துடைக்கவில்லை.

ஊசி கோர்க்கும் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை துரை வந்தார். ரீலிங் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். துரை பேனாக்கத்தியால் நேர் ஊசி வரிசையில் ஒவ்வொரு நூலாக வெட்டினார். இருபதில் மூன்றுதான் விழுந்தது. வளைந்த வரிசைக்கு வந்தார். முதல் ஊசி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. சவேரியம்மா கண்ணை மூடித் தகரத்தில் இடுப்பை வைத்து நின்றுகொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு. பதினைந்துக்கு மேல் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. "இருவது" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

துரை தொப்பியைக் கழற்றினார். கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, கீழே விழுந்த ஒரு ஊசியைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முசியே அந்துவான் திரும்பினார்.

"உனக்கு இத யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்குறார்."

"இந்த நூலுதான் சொல்லுச்சு. வேற யாரு இருக்கா இங்க?" என்றார் சவேரியம்மா.

அந்தச் சாயங்காலமே பாரீசுக்கு அனுப்ப வேண்டிய படத்தை முடித்தேன். கண்டுபிடித்தவர் பெயர் எழுதும் இடம் வந்ததும் நிறுத்தினேன். முசியே அந்துவான் துரையிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மில்லின் மெஷின், மில்லின் கம்பி, அதனால் மில்லின் பெயர் என்று பதில். "அந்தம்மா பேர சொல்லிப் பாத்தேன்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மை தோய்ந்த பேனா என் கையில் இருந்தது. இடம் காலியாக இருந்தது. யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சொன்ன பெயரைத்தான் எழுதினேன். எனக்கு வயது இருபது, வேலை போய்விடும் என்ற பயம். காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதால் தப்பு குறைந்துவிடவில்லை.

சவேரியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார், மனது லேசாகும் என்று எதிர்பார்த்தேன் போல. அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை.

"போட்டிருக்கலாம். எம் பொண்ணுக்குப் படிக்கத் தெரியும். அவகிட்டக் காட்டியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

பிற்காலத்தில் பிட்டர்கள் அந்தத் தகரத்தை ஒரு நெம்புகோலில் கட்டினார்கள். ஊசி விழுந்தால் மெஷின் தானே நின்றது. இன்றைக்கு மில்களில் ஊசிக்குப் பதில் மின்கண் இருக்கிறதாம், விளக்கு எரிகிறதாம். எத்தனையோ மெஷின்கள் தங்கள் குறையைத் தாங்களே உணர்ந்து நிற்கின்றன. எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு இடுப்பும் ஒரு பிஸ்கட் டப்பாவும்தான் ஞாபகம் வரும். அந்த ஒரு மில்லின் ஊசியிலிருந்துதான் எல்லாம் வந்தது என்று சொல்ல மாட்டேன். உலகத்தில் எங்கெங்கோ எத்தனை சவேரியம்மாக்களோ, எத்தனை வரைவாளர்கள் ஸ்கேலை வைத்தார்களோ.

அந்த ஊசி கோர்க்கும் சனிக்கிழமை காலை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி ஊசியோடு வந்தார். துரையும் வந்தார், முசியே அந்துவானோடு. நல்ல மனநிலையில் இருந்தார். சவேரியம்மாவுக்கு என்ன வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். புடவை, ஒரு மாதச் சம்பளம் என்று முசியே அந்துவான் அவர் காதோடு சொல்லிக் கொடுத்தது எனக்குக் கேட்டது.

"ஊசி கோக்கறத எடுத்துடச் சொல்லுங்க" என்றார் சவேரியம்மா. "பாக்கற வேலய இனிமே கம்பி பாக்கும். முடிச்சு போடறதுக்குக் கைதான வேணும்?"

துரை யோசித்துத் தலையாட்டினார். மேஸ்திரி ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெண்கள் உள்ளே போகலாம் என்று நகர்ந்தார்கள். சவேரியம்மா நகரவில்லை.

"இன்னும் முடியல. இதுல தோத்துப் போனவங்கள திருப்பிக் கூப்புடணும்."

"யார?" என்றார் மேஸ்திரி.

அவர் விரலை மடக்கிப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அஞ்சலை. முதலியார்பேட்டை ரோசம்மா. பாக்கியம். எந்த வருஷம் போனவள், இப்போது எங்கே இருக்கிறாள், எந்த மெஷினில் நின்றவள் என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னார். பதினொரு பெயர். முசியே அந்துவான் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சுருக்காமல் பிரெஞ்சில் திருப்பிச் சொன்னார். மிச்ச மெஷின்களில் ஊசி மாட்டத் தேர்ந்த கைகள் துரைக்கும் தேவைப்பட்டன. சரி என்றார்.

திங்கட்கிழமை சங்கு ஊதும்போது நாங்கள் கை கழுவிப் பலகையில் உட்கார்ந்துவிட்டோம். ஜன்னல் வழியாக வாசல் தெரியும். அவர்கள் ஒன்றாக வந்தார்கள். இரண்டு பேரை மகள்கள் கையைப் பிடித்து அழைத்து வந்து வாசலில் விட்டார்கள். ஒருத்தி நான்கு வருஷத்துக்கு முன்னால் போனவள், தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லோரும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கொண்டை போட்டிருந்தார்கள். சவேரியம்மா முன்னால் நடந்து, ஒவ்வொருத்தியையும் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினார். எனக்குக் கண் கலங்கி, வரைந்த கோடு தெரியவில்லை.

பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேலை நேரத்தில் பலகையை விட்டு எழுந்தறியாத முசியே அந்துவான் எழுந்து நின்றிருந்தார். பதினொன்றாவது பெண் உள்ளே போகும்வரை அவர் உட்காரவில்லை.